ஸ்பூல் பின்னும் ஒரு ஈர்க்கும்

அந்தப் பூட்டின் சாவி முதல் நாளிலிருந்தே என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. போட்டுத் திருப்பினால் ஒரு நொடியில் திறக்கும். சாவி இல்லாமல் திறக்க எனக்கு ஏழு வாரம் ஆனது.

பூட்டின் பெயர் மாஸ்டர் 140, நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள பித்தளைப் பூட்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனர், நான் கேட்டதற்காக ஊருக்கு வரும்போது வாங்கி வந்தார். உள்ளே பூட்டைத் திரும்பவிடாமல் நிறுத்தும் குட்டி உலோகத் துண்டுகள், அதாவது பின்கள், நான்கே நான்கு. அதற்கு முன்பே ஐந்து பின் உள்ள சாதாரண சிலிண்டர்களை ஐந்து நிமிடத்துக்குள் திறந்து பழகியிருந்தேன். நான்கு பின்தானே, ஒரு சாயங்காலம் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அந்த நான்கில், திறப்பவனை ஏமாற்றுவதற்கென்றே கடைந்த ஸ்பூல் பின்கள் இருந்தன.

பூட்டைச் சாவியில்லாமல் திறக்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் இரண்டு விதிகளை மீறுவதில்லை. உங்களுடையது அல்லாத பூட்டை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, அது உங்களுடையதே ஆனாலும், தொடக்கூடாது. முதல் விதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவது விதியைப் புதியவர்கள்தான் அதிகம் மீறுகிறார்கள். கம்பியின் முனை முறிந்து உள்ளே சிக்கிக்கொள்ளலாம், ஸ்பிரிங் நசுங்கலாம். அப்புறம் சாவியும் வேலை செய்யாது, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டியதுதான். என் வீட்டு வாசல் பூட்டை நான் இன்றுவரை சோதித்ததில்லை. கருவிகளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஜெர்மனியில் 1997-இல் இதற்கென ஒரு சங்கம் தொடங்கி, போட்டிகள் நடத்தி, விளையாட்டாகவே இதை வளர்த்திருக்கிறார்கள். அந்த மரியாதை நிலைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு விதிகளும் நிலைக்க வேண்டும்.

சரி, பூட்டுக்குள் போவோம். சாவி நுழையும் உருளையை பிளக் என்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் உடம்பிலும் பிளக்கிலும் நேருக்கு நேராகத் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்கள், ஒன்றன் மேல் ஒன்று. சாவியைத் தொடுவது சாவிப் பின். அதற்கு மேலே இருப்பது டிரைவர் பின். அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது டிரைவர் பின் பாதி உடம்பிலும் பாதி பிளக்கிலும் குறுக்கே நின்று பிளக்கைத் திரும்ப விடாது. சரியான சாவி, எல்லாச் சோடிகளையும் அவை பிரியும் இடம் பிளக்கின் விளிம்புக்கு நேராக வரும்வரை தூக்குகிறது. இந்தப் பிரிகோடு எல்லாச் சோடிகளுக்கும் ஒரே சமயத்தில் அமைந்தால் பிளக் திரும்பும். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. அவர் பெயரைத்தான் இன்றும் பூட்டுகளில் பார்க்கிறோம்.

இதைச் சாவியில்லாமல் திறக்க முடிவதற்குக் காரணம், எந்தத் தொழிற்சாலையாலும் ஐந்து துளைகளை அணுவளவும் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் போட முடியாது என்பதுதான். பிளக்கை லேசாக முறுக்கிப் பிடித்தால் ஐந்து பின்களும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்வதில்லை. எந்தத் துளை கொஞ்சம் அதிகமாக விலகியிருக்கிறதோ அந்தப் பின்தான் முதலில் நெருக்குப்படும். அதைத் தேடிப் பிடித்துத் தூக்கினால், டிரைவர் பின் பிரிகோட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன ‘டிக்’. பிளக் மயிரிழை திரும்பும், அடுத்த பின் நெருக்குப்படும். இப்படி ஒவ்வொன்றாக. வலது கை தூக்குகிறது, இடது கை முறுக்குகிறது. வலது கைதான் முக்கியம் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கருவிகள் எல்லாம் வீட்டில் செய்தவை. பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் 0.6 மில்லிமீட்டர் தகடு ஒன்று இருக்கும். தூக்கும் கொக்கிக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. ஹேக்சா பிளேடிலும் செய்யலாம். சாணையில் பிடிக்கும்போது இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் நீலம் பாரித்துப் பதம் போய்விடும். முனையை எமரி ஷீட்டில் தேய்த்துக் கண்ணாடி போல வழுவழுப்பாக்குவதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். சொரசொரப்பு இருந்தால் அந்த உரசலும் பின்னின் அசைவும் விரலுக்கு ஒன்றாகவே தெரியும். முறுக்கும் கம்பிக்கு, கார் வைப்பரின் ரப்பருக்குள் ஓடும் எவர்சில்வர் பட்டை. கழித்துப் போட்ட வைப்பர்கள் எந்த கார் பட்டறையிலும் கிடைக்கும்.

முதல் மூன்று வாரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே கதை. வைஸில் பூட்டைப் பிடிப்பேன், முறுக்குக் கம்பியைச் சாவித்துளையின் கீழ் வாயில் செருகுவேன், பின்களைத் தூக்குவேன். ஒன்று, இரண்டு ‘டிக்’ கேட்கும். திடீரென்று பிளக் நன்றாகவே திரும்பும், கண்ணுக்குத் தெரியுமளவுக்கு. திறந்துவிட்டது என்று மனசு துள்ளும். அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு எதைத் தூக்கினாலும் கல். இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்பேன், இன்னும் கொஞ்சம். இரண்டு கொக்கிகள் வளைந்தன, ஒன்று முறிந்தது. நல்லவேளை, முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ட்வீசரால் எடுக்க முடிந்தது.

நடந்தது என்னவென்று இப்போது தெரியும். உடுக்கையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு முனையும் பருத்து, நடுவில் இடுப்பு ஒடுங்கியது. ஸ்பூல் பின்னின் வடிவம் அதுதான். டிரைவர் பின்னை இப்படிக் கடைந்துவிடுகிறார்கள். பிளக்கை முறுக்கிக்கொண்டே இதைத் தூக்கும்போது ஒடுங்கிய இடுப்பு பிரிகோட்டுக்கு வந்ததும் பிளக்குக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அது தாராளமாகத் திரும்பி, பின்னின் கீழ் விளிம்பில் மோதி நிற்கிறது. திறப்பு போலவே இருக்கும் பொய்த் திருப்பம் அது. இனி அந்தப் பின்னை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் பருத்த கீழ் விளிம்பு பிரிகோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது அது பிளக்கை வந்த வழியே பின்னுக்குத் தள்ளும். தள்ளவிட வேண்டும். நான் விடவில்லை. முறுக்க முறுக்க அந்த விளிம்பை நானே கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படித்து இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் கை செய்யவில்லை. நான்கு பின்னில் எது ஸ்பூல், எது சாதாரணம், எது ஏற்கெனவே அமர்ந்தது, எதை அளவுக்கு மேல் தூக்கிவிட்டேன் என்று எதுவும் தெரியாத இருட்டுக்குள் ஒரு புது அசைவைக் கற்றுக்கொள்ள முடியாது. மாஸ்டர் 140-ஐப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. பின் துளைகளைப் பக்கவாட்டிலிருந்து போட்டு, பித்தளையால் அடைத்து, அடைப்பே தெரியாமல் தேய்த்துவிடுகிறார்கள். துளைத்துத் திறந்து மரை வெட்டித் திருகு போட்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு ஒரே ஒரு பூட்டு இருந்தது, பாழாக்க மனசில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பிரிக்கக்கூடிய ஒரு சிலிண்டரில் நானே ஸ்பூல் பின் செய்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகுவது என்று முடிவெடுத்தேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி வெட்டும் பெரியவரிடம் பழைய நைட் லாட்ச் ஒன்று கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

“சாவியோட வேணுமா, சாவி இல்லாம வேணுமா தம்பி?”

“சாவியோட கொடுங்கண்ணே. பிரிச்சுப் பழகறதுக்குத்தான்.”

தகர டப்பாவைக் கவிழ்த்து, துரு ஏறாத ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு பிடி உதிரி ஸ்பிரிங்கும் காகிதத்தில் மடித்துத் தந்தார். “இது பறந்துபோகும், தேடாதே. வேற எடுத்துப் போட்டுக்கோ” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது.

நைட் லாட்சின் உருளைச் சிலிண்டர் பழகுவதற்கு ரொம்ப வசதி. பின்பக்கத்துக் கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, பிளக்கை முன்னால் தள்ள வேண்டும். அதே விட்டமுள்ள ஒரு மர உருளை பின்னாலேயே அதைத் தொடர்ந்து உள்ளே போக வேண்டும். இடையில் ஒரு நூல் இடைவெளி விட்டாலும் டிரைவர் பின்களும் ஸ்பிரிங்குகளும் உள்ளே கொட்டிவிடும். என் பிளக்கின் விட்டம் 12.7 மில்லிமீட்டர். தேக்குத் துண்டு ஒன்றை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். அரை நாள் வேலை. பிரிக்கும்போது மேசையில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். பின்னோ ஸ்பிரிங்கோ விழுந்தால் உருளாது, கண்ணிலும் படும். வந்த வரிசையிலேயே சாவிப் பின்களைப் பாட்டில் மூடிகளில் தனித்தனியாக வைத்துவிட வேண்டும். வரிசை மாறினால் சாவி சேராது.

ஸ்பூல் பின்னுக்கு 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. துளைக்குள் தடையில்லாமல் ஓட 2.9 வேண்டும், அதனால் முதலில் எமரியால் மேலோட்டமாகத் தேய்த்தேன். கழற்றியெடுத்த பழைய டிரைவர் பின்னையே கடையலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். ஆறு மில்லிமீட்டர் நீளப் பின்னை டிரில்லின் சக்கில் பிடித்தால் வெளியே வேலை செய்ய இடமே இருக்காது. நீளக் கம்பியின் நுனியில் கடைந்து முடித்து, அப்புறம் வெட்டுவதுதான் வழி. நுனியிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் விட்டு, தட்டையான ஊசி அரத்தின் ஓரத்தால் சுழலும் கம்பியில் பள்ளம் இறக்கினேன். இடுப்பு 2 மில்லிமீட்டர் வரும்வரை. முதல் பின்னில் ஆசைப்பட்டு 1.4 வரை இறக்கினேன், வெட்டும்போதே இடுப்பொடிந்து இரண்டாகிவிட்டது. இரண்டாவதில் விளிம்பைக் கூர்மையாக விட்டேன். அது துளையின் விளிம்பில் மாட்டி, சாவி போட்டாலும் கீழே இறங்க மறுத்தது. விளிம்பை எமரியால் ஒரே ஒரு தடவை வருடிவிட்டால் போதும், சாவிக்கு வழிவிடும், கொக்கிக்கு விடாது. நான்காவது பின்னிலிருந்து கை பழகிவிட்டது. ஒரு பின்னுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

முதலில் ஒரே ஒரு துளையில் மட்டும் சாவிப் பின், ஸ்பூல், ஸ்பிரிங். மற்ற நான்கும் காலி. இதைத் திறப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முறுக்கினேன், தூக்கினேன், பொய்த் திருப்பம் வந்தது, நின்றது. மூன்று வாரமாக நின்ற அதே இடம். ஒரே பின், அது ஸ்பூல் என்று தெரியும், அதைச் செய்தவனே நான், ஆனாலும் திறக்கவில்லை. பிரச்சினை எந்தக் கையில் என்பதில் அப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை.

முறுக்குக் கம்பியை நான் எவ்வளவு அழுத்துகிறேன் என்று அளந்து பார்க்கத் தோன்றியது. சமையலறை டிஜிட்டல் தராசில், கம்பியை அழுத்தும் அதே உணர்வோடு விரலை வைத்தேன். 380 கிராம் காட்டியது. லேசாக அழுத்துவதாக நினைத்து மறுபடி வைத்தேன். 240. என் ‘லேசு’ கால் கிலோ!

விரலை நம்பாமல் எடையை நம்பிப் பார்ப்போம் என்று, முறுக்குக் கம்பியின் வால் தரைக்கு இணையாக நிற்கும்படி செருகி, அதன் நுனியில் நூல் கட்டி ஒரு சின்னத் துணிப்பை தொங்கவிட்டேன். பைக்குள் எம்10 நட்டுகள். ஒன்று ஏறத்தாழ 11 கிராம். வாலின் நீளம் 7 சென்டிமீட்டர். இன்னொன்றும் செய்தேன், இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். விளக்கமாற்றிலிருந்து நேரான ஈர்க்கு ஒன்றை உருவி, முறுக்குக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டினேன். பிளக்கின் மையத்திலிருந்து நுனிவரை 30 சென்டிமீட்டர். நுனிக்குப் பின்னால் சுவரில் கிராஃப் தாள். இந்த நீளத்துக்குப் பிளக் ஒரு டிகிரி திரும்பினால் ஈர்க்கு நுனி ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நகரும். விரலுக்கு எட்டாத அசைவு கண்ணுக்கு எட்டிவிடும்.

பத்து நட்டில் தொடங்கினேன். ஸ்பூலைத் தூக்கினேன். ஈர்க்கு நுனி தாளில் விறுவிறுவென்று மூன்று சென்டிமீட்டர் இறங்கி நின்றது. ஆறு டிகிரி. மூன்று வாரமாக என்னை ஏமாற்றிய திருப்பத்தின் அளவு அதுதான். கொக்கியால் மேலும் அழுத்தினேன். நகரவில்லை. இரண்டு நட்டை எடுத்தேன், நகரவில்லை. ஆறு நட்டில், கொக்கி தூக்கத் தூக்க ஈர்க்கு நுனி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை, இரண்டு. பையும் கூடவே உயர்ந்தது. கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே போய்விட்டது. ஐயோ, எல்லாம் கெட்டுப்போகிறது என்று வலது கையை எடுக்கப் பார்த்தேன். அதற்குள் ஒரு ‘டக்’. பை சடாரென்று இறங்கி, பிளக் முழுதாகத் திரும்பியது.

நட்டுப் பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதிர்த்துத் தள்ளினால் அது கூடுதலாக எதிர்க்காது. 66 கிராம் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் 66 கிராம்தான். விரல் அப்படியில்லை. யாராவது நம் கையைத் தள்ளினால் நம்மையறியாமல் நாமும் தள்ளுவோம். பிளக் பின்னுக்கு வரும்போது என் இடது கை ஆள்காட்டி விரல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும், எனக்குத் தெரியாமலேயே.

அடுத்த பத்து நாள் பின்களைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு ஸ்பூலோடு ஒரு சாதாரணப் பின், இரண்டு ஸ்பூல், இரண்டு ஸ்பூலோடு இரண்டு சாதாரணம். ஒவ்வொரு நிலையையும் முதலில் பையோடு திறப்பேன், அப்புறம் பையைக் கழற்றிவிட்டு விரலோடு. ஈர்க்கு மட்டும் எப்போதும் இருக்கும். சாதாரணப் பின் அமரும்போது நுனி ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் நகரும், அவ்வளவுதான். மூன்று சென்டிமீட்டர் என்றால் ஸ்பூலின் இடுப்பு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரலால் உணர்ந்ததில், நாலைந்து நாளில் விரலுக்கே அது தெரிய ஆரம்பித்தது.

பல பின்கள் சேரும்போது புதுச் சிக்கல் ஒன்று வருகிறது. ஒரு ஸ்பூலுக்காகப் பிளக்கைப் பின்னுக்கு விடும்போது, ஏற்கெனவே அமர்ந்திருந்த வேறொரு பின் பொத்தென்று விழுந்துவிடும். இது தோல்வியில்லை, இந்த வேலையின் பகுதி. எந்தப் பின் விழுந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் துள்ளலோடு இருந்தால் அது இன்னும் நெருக்குப்படாத பின், விட்டுவிடலாம். கல்லாக நின்றால் நெருக்குப்பட்டிருக்கிறது, அதன் முறை இப்போது. ஸ்பிரிங்கின் விசை இல்லாமல் தளர்ந்து கொஞ்சம் ஆடினால் அமர்ந்துவிட்டது. தொட்டதும் இடது விரலில் பதில் தள்ளு வந்தால் ஸ்பூல். ஐந்தாவது ஒரு நிலையும் உண்டு. பின் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே போய் அசையாமல் கிடக்கும். அளவுக்கு மேல் தூக்கிவிட்டோம் என்று அர்த்தம். அப்போது முறுக்கை முழுதாக விடாமல், நூல் நூலாகத் தளர்த்தி, அந்த ஒரு பின் மட்டும் விழும் ‘டிக்’ கேட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் விட்டால் எல்லாம் விழும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் ஒரு பழைய நோட்டில் 1, 2, 3, 4 என்று கட்டம் போட்டு, எந்த வரிசையில் நெருக்குப்படுகின்றன என்று எழுதிவந்தேன். முதல் பத்து முயற்சியில் வரிசை மாறி மாறி வந்தது. முறுக்கு ஒரே சீராக ஆனதும் வரிசையும் ஒரே சீராகிவிட்டது. 3, 1, 4, 2, அப்புறம் மறுபடி 3.

ஏழாவது வாரம், ஞாயிறு காலை, மாஸ்டர் 140-ஐ வைஸில் பிடித்தேன். ஒரு மாற்றம் செய்தேன். முறுக்குக் கம்பியைச் சாவித்துளையின் கீழ் வாயில் செருகாமல், மேல் வாயில், முதல் பின்னுக்கு ஒட்டி முன்னால் இறுக்கமாக உட்கார வைத்தேன். அதற்காக வைப்பர் பட்டை நுனியைத் தட்டையாக அரம் போட்டுக் கச்சிதமாக்க வேண்டியிருந்தது. கீழ் வாய் முழுக்கக் கொக்கிக்குக் கிடைத்துவிட்டது. ஆட்டமும் குறைந்தது. பையும் இல்லை, ஈர்க்கும் இல்லை.

முதலில் நெருக்குப்பட்டது இரண்டாவது பின். ‘டிக்’. அப்புறம் நான்காவது, பழைய பொய்த் திருப்பம் தாராளமாக வந்தது. அதை மூன்று வாரம் வெறுத்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, நான் எங்கே நிற்கிறேன் என்று அது சொல்கிறதே. முதல் பின்னைத் தொட்டேன், தளர்வாக ஆடியது. மூன்றாவதைத் தொட்டேன், இடது விரலில் மெல்லிய தள்ளல். விரலை நட்டுப் பையாக நினைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். பிளக் வந்த வழியே திரும்பியது, ‘டக்’ என்றது, இரண்டாவது பின் விழுந்தது. அதைத் தூக்கினேன். பொய்த் திருப்பம் மறுபடி வந்தது, இந்த முறை முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக. நான்கில் மறுபடி அதே தள்ளல். விட்டுக்கொடுத்தேன். வளையம் டக்கென்று மேலே துள்ளியது. நான்கு நிமிடம் கூட ஆகியிருக்காது. அடுக்களையிலிருந்து மனைவி, “என்ன சத்தம்?” என்று கேட்டாள். பூட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். சாவியால் பூட்டிவிட்டு மறுபடி திறந்தேன், ஆறு நிமிடம். மூன்றாவது முறை பதினொன்று, ஏனென்றால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நோட்டுக் கணக்குப்படி மொத்தம் 31 மணி நேரம். அது அதிகமா என்றால், இந்தத் துறையின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. லண்டனில் பிராமா என்பவர் செய்த பூட்டு ஒன்று, திறப்பவருக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) பரிசு என்ற அறிவிப்போடு கடை ஜன்னலில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1851-இல் அங்கே நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் அதைத் திறந்தார். பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேரம். அதே பயணத்தில், சப் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் புகழ்பெற்ற லீவர் பூட்டையும் (பின்களுக்குப் பதில் சாவி தூக்கும் தகடுகள் உள்ளது) அவர் திறந்து காட்டினார். 1818-இல் வந்த அந்தப் பூட்டில், ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டே இறுகிக்கொள்ளும், உரிமையாளருக்குச் சேதி தெரிந்துவிடும். பின்னை அளவுக்கு மேல் தூக்கியபோதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டின் நினைவு வந்தது. திறப்பவனின் தவறையே பொறியாக வைப்பது ஸ்பூல் பின்னுக்கு வெகு முன்பிருந்தே வரும் யோசனை. லீவர்களில் பொய் வெட்டுகள் போட்டு ஏமாற்றுவதும் அதே குடும்பம்தான்.

நம் ஊர்ப் பூட்டுகளில் பெரும்பகுதி லீவர் பூட்டுகளே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் அப்படித்தான். தாத்தாவின் கடையில் தொங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பழகுவதற்கு அதை எடுக்கச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். மாட்டேன். கையால் ராவிச் செய்த லீவர் வளைந்துபோனால் அதே போல இன்னொன்று வராது. அதற்கு நான் எண்ணெய் கூடப் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறேன்.

இப்போது மேசையில் இருப்பது அமெரிக்கன் 1100 என்ற பூட்டு, அலுமினிய உடம்பு. இதன் பின்களில் இடுப்போடு சேர்த்து ரம்பப் பல் போன்ற வரிகளும் உண்டு, சாவிப் பின்களிலும்கூட. ஒவ்வொரு வரியும் ஒரு பொய் ‘டிக்’. அமர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பின்னுக்குப் போனால், அமரவே இல்லை. இதற்கும் நைட் லாட்ச் சிலிண்டரில்தான் முதலில் பழகினேன். வரி போட்ட பின்னைக் கடைந்து மாளாது. சும்மா ஒரு எம்3 பித்தளைத் திருகாணியை வாங்கி, மரை உள்ள பகுதியை ஆறு மில்லிமீட்டருக்கு வெட்டி, இரு முனையையும் தேய்த்துப் போட்டேன். எம்3 திருகின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 2.9தான் வரும், துளைக்குக் கச்சிதம். ஈர்க்கு நுனி இதற்கு மூன்று சென்டிமீட்டர் ஓடுவதில்லை. நான்கைந்து மில்லிமீட்டர் நகரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும். ஒவ்வொரு மரையாக ஏறிவருவது தாளில் படிக்கட்டு போலத் தெரியும். இங்கே விட்டுக்கொடுப்பது மட்டும் போதாது. ‘டிக்’ கேட்ட பின்னையே மறுபடி தொட்டு, இன்னும் கல்லாக நிற்கிறதா, ஆடுகிறதா என்று கேட்க வேண்டும். ஆடும்வரை அது அமரவில்லை.

1100-ஐ இதுவரை இரண்டு முறை திறந்திருக்கிறேன், ஒருமுறை ஐம்பது நிமிடம், ஒருமுறை ஒன்றே கால் மணி நேரம். இந்தப் பூட்டில் எனக்குப் பிடித்தது, திறந்த பிறகு வளையம் இறங்கும் துளைக்குள் தெரியும் திருகைக் கழற்றினால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். பின்களைக் கொட்டி வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். தொழிற்சாலைப் பின்னின் இடுப்பு நான் அரத்தால் இறக்கியதைவிட எவ்வளவு சீராக இருக்கிறது! மூன்றாவது துளையின் பின்னில் மட்டும் ஐந்து வரி, மற்றவற்றில் நான்கு. என்னை ஐம்பது நிமிடம் உட்கார வைத்ததும் அந்த மூன்றாவதுதான், நோட்டில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு அதை மட்டும் தனியாகப் போட்டு, ஈர்க்கு வைத்துப் பார்க்க வேண்டும்.